கனிவுத்துளி

கோபிசெட்டிபாளையம் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த மருந்து நெசவகத்தில் காலை வரிசை தெருமுனை வரை நின்றது. சர்க்கரைக்காரர்கள் ஒரு பக்கம், இரத்த அழுத்தக்காரர்கள் இன்னொரு பக்கம், மூட்டுவலிக்காரர்களுக்கு மட்டும் உட்கார ஒரு பெஞ்சு. முறை வந்ததும் கட்டைவிரலைக் கண்ணாடிக் குழியில் வைக்க வேண்டியதுதான். மருந்துநெசவி என்ற இயந்திரம் அந்த விரல் வழியாக உடம்பு முழுவதையும் படித்து, அந்த ஆளுக்கு அந்த நாளுக்கு மட்டும் பொருந்துகிற மருந்தை அணு அணுவாகக் கோத்து ஒரு துளியாகச் சொட்டும். குடித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போகலாம். மருந்துக்கடை என்று ஒன்று ஊரில் இருந்ததைச் சொன்னால் பிள்ளைகள் நம்ப மறுத்தார்கள்.

கோகிலவாணி விரலை வைத்தால் மட்டும் பச்சை விளக்கு எரியும். 'உடல் நலமாக உள்ளது, மருந்து தேவையில்லை' என்று எழுத்து ஓடும். பின்னால் நிற்பவர்கள் அவளை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். நல்லா இருக்கிற பொம்பளைக்கு இங்கே என்ன சோலி என்று வாய்விட்டுக் கேட்காத குறைதான்.

நலமாம், நலம். கண்ணாடியை இடித்துத் தூளாக்கி நரம்புக்குள் தூவிவிட்டாற்போல ஒரு வலி அவளுக்கு. இன்றைக்குத் தோளில் இருக்கும், நாளைக்கு மணிக்கட்டுக்கு இறங்கும். பத்தாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள், சாக்பீஸைப் பிடிக்க முடியாமல் வேலையை விட்டாள். பார்க்காத மருத்துவர் இல்லை. ஒருவர் நடக்கச் சொன்னார், அடுத்தவர் நடக்கவே கூடாது என்றார். இன்னொருவர் அவளை விட்டுவிட்டு அவள் கணவன் திருமூர்த்தியைப் பார்த்து, வீட்டில் ஏதாவது மனஸ்தாபமா என்று விசாரித்தார். எல்லாவற்றையும் அறிந்த இயந்திரம் ஊருக்கு வந்த பிறகு, அது அறியாத நோயோடு இருப்பவள் பொய்க்காரியாகிவிட்டாள்.

இதே கதியில் கிடந்த அரிய நோய்க்காரர்கள் முன்பே பல ஊர்களில் தெருவில் உட்கார்ந்து போராடி ஒரு சட்டம் வாங்கியிருந்தார்கள். அதற்குச் 'சொல்வழி' என்று பெயர். நெசவி எதையும் காணாத இடத்தில் நோயாளியின் சொல்லே அளவு. நேற்றைவிட இன்று தேவலையா மோசமா என்று நோயாளி சொல்ல வேண்டும். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நெசவி மறுநாள் மருந்தை மாற்றி நெய்யும். ஆனால் அதை நேராக இயந்திரத்திடம் சொல்ல முடியாது. போதைக்காகப் பொய் சொன்ன புண்ணியவான்கள் ஆரம்பத்திலேயே அந்த வழியை அடைத்துவிட்டார்கள். ஒரு மருத்துவர் எதிரே உட்கார்ந்து, முகம் பார்த்துக் கேட்டு, இவர் சொல்வதை நம்புகிறேன் என்று பொறுப்பேற்க வேண்டும். அவருக்கு உடன்மருத்துவர் என்று பெயர். நோயைக் கண்டுபிடிப்பது, மருந்து கொடுப்பது எல்லாம் நெசவியின் வேலையாகிவிட்ட காலத்தில் மருத்துவருக்கு மிச்சமிருந்த வேலை நம்புவது ஒன்றுதான். அதற்குத்தான் ஆள் கிடைக்கவில்லை.

கடைசியில் கிடைத்தவர் டாக்டர் ரஷீதா. கோபிக்கு வந்து தங்கிவிட்ட நாகப்பட்டினத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், கடுகடுப்பான ஆள் என்று ஊரில் பெயர். கோகிலவாணி சொன்னதையெல்லாம் ஒரு முழு முற்பகல் கேட்டார். இடையில் யாரோ கதவைத் தட்டியபோது எழுந்துபோய்த் தாழ் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இதுக்கு என்ன பேருன்னு எனக்குத் தெரியல" என்றார். "ஆனா நீங்க சொல்றது நிஜம். அது எனக்குத் தெரியுது."

திரும்பி வருகிற பேருந்தில் கோகிலவாணி கணவனின் தோளில் சாய்ந்து அப்படி அழுதாள். நடத்துநர் பதறிப்போய், வீட்டில் ஏதும் துக்கமா என்று திருமூர்த்தியிடம் மெல்லக் கேட்டார். "இல்லீங்க, நல்ல சேதிதாங்க" என்றார் அவர், தன் கண்ணையும் துடைத்துக்கொண்டு.

ரஷீதா எதையும் மூடி மறைக்கவில்லை. இந்த நோயில் வலிதான் ஒரே சாட்சி என்று விளக்கினார். நரம்பு உயிரோடு இருக்கிறவரைக்கும் கத்தும். சரியான மருந்து கிடைத்து நரம்பு தேறினால் வலி தானாகக் குறையும், கைகள் பிழைக்கும். கிடைக்காவிட்டால் நரம்பு ஒவ்வொன்றாகச் செத்து இரண்டு கைகளும் போகும். அதனால் நெசவிக்கு வழிகாட்ட கோகிலவாணியின் வாயிலிருந்து வரும் சொல்லைத் தவிர வேறு எதுவும் இல்லை. கூட்டியும் சொல்ல வேண்டாம், குறைத்தும் சொல்ல வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

நெசவகத்தின் பின்கட்டில், சொல்வழிக்காரர்களுக்கான தனி நெசவி இருந்தது. முதல் நாள் அதன் கண்ணாடி வழியே உள்ளே பார்த்த கோகிலவாணிக்கு மூச்சே நின்றுவிட்டது. ஊசிமுனையைவிட மெல்லிய ஒளியிழைகள் குறுக்கும் நெடுக்கும் ஓடி, எதையோ கட்டி, பிடிக்காமல் கலைத்து, மறுபடி கட்டின. உலகம் தோன்றிய நாள் முதல் எங்கேயும் இருந்திராத ஒரு பொருள், இந்தக் கோபிசெட்டிபாளையத்தில், தன் ஒருத்திக்காக உருவாகிக்கொண்டிருக்கிறது. கணக்கு டீச்சருக்கு அதன் அருமை தெரியும். எத்தனை விதமாகக் கோக்கலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். எண் பூமியை விட்டே போய்விட்டது. அத்தனைக்குள் ஒன்று தன் கைகளைக் காப்பாற்றும் என்று நினைத்தபோது அவளுக்குக் கும்பிடத் தோன்றியது.

மாதங்கள் ஓடின, வலி அசையவில்லை. தினமும் காலையில் ரஷீதா எதிரே உட்கார்ந்து, நேற்றைவிட இன்று எப்படி என்று கேட்பார். அப்படியேதாங்க இருக்குது என்பாள் இவள். மோசமுங்க என்பாள். ஒவ்வொரு முறையும் ரஷீதாவின் முகம் கொஞ்சம் வாடும். பெயரில்லாத நோய்க்காக அந்த அம்மாள் நெசவியை வீணாக்குகிறார் என்று மற்ற மருத்துவர்கள் பேசிக்கொண்டது கோகிலவாணியின் காதுக்கும் வந்தது.

கொங்கு நாட்டுக்காரர்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பந்தியில் உப்பில்லாத சாம்பாரை ஊற்றினாலும், எப்படி இருக்கிறது என்று கேட்டால் அருமைங்க என்பார்கள். காலை மிதித்தவரிடமே, பார்த்துப் போங்க, உங்களுக்கு அடிபட்டுதுங்களா என்று கேட்பார்கள். அந்த மண்ணில் வளர்ந்தவள், தனக்காக ஊரையே பகைத்துக்கொண்ட ஒரு மனுஷி கண்ணுக்கு எதிரே சோர்ந்துபோவதை எத்தனை நாள்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்? ஒரு காலை ரஷீதாவின் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"இன்னிக்குக் கொஞ்சம் தேவலைங்க, டாக்டரம்மா" என்றாள் கோகிலவாணி.

ரஷீதாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! அவர் சிரித்து அன்றுதான் பார்த்தாள். இவ்வளவு பெரிய சந்தோஷத்துக்கு இத்தனூண்டு பொய் பரவாயில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். நெசவிக்கு அந்த நாசூக்கெல்லாம் தெரியாது. தேவலை என்ற சொல் வந்துவிட்டது. எந்த மருந்துக்கு வந்ததோ அதன் திசையிலேயே அது இழைகளை ஓட்டத் தொடங்கியது.

மறுநாள் மோசம் என்று சொல்ல மனம் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அப்புறம் ஓர் அதிசயம் நடந்தது. தேவலை என்று சொல்வதற்கு முன்பிருந்த உறுத்தல் போய், அது தானாகவே நாவில் வந்தது. வலி எங்கேயும் போகவில்லை. ஆனால் அதை எடுத்து இன்னொருவர் தலையில் வைப்பானேன் என்று இருந்தது.

அது மட்டுமில்லை. கண்ணே புதிதாகத் திறந்தாற்போல் ஆகிவிட்டது. பேருந்தில் நடத்துநர் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி நின்றால், அவருடைய இடுப்பு வலி இவளுக்குத் தெரிந்தது. தேங்காய்க்காரியின் அதட்டலுக்குப் பின்னால் இருந்த பயம் தெரிந்தது. தினமும் வாசலில் சண்டை போடும் பக்கத்து வீட்டுக்காரியின் குரலில், பேச ஆள் இல்லாத தவிப்பைக் கேட்டாள். இத்தனை பேர் இத்தனை பாரத்தைச் சுமந்துகொண்டு, அதை வெளியே காட்டாமல் கடைக்குப் போய் வந்துகொண்டிருக்கிறார்கள்! அந்த நினைப்பிலேயே அவள் சில நாள் தெருவில் நின்றுவிடுவாள். தன் வாழ்நாளில் இத்தனை சந்தோஷமாக இருந்ததில்லை என்று திருமூர்த்தியிடம் சொன்னாள், அது பொய்யில்லை.

சேதி பரவியது. அதே நோயோடு உலகத்தில் அங்கொருவரும் இங்கொருவருமாகக் கிடந்தவர்களை ரஷீதா தேடிப் பிடித்தார். யாழ்ப்பாணத்தில் ஒருத்தி, மொரீஷியஸில் ஒருவர், இன்னும் சிலர். கோகிலவாணியின் சம்மதத்தோடு எல்லோருக்கும் அந்தத் துளி போனது. எல்லோரும் தேவலை என்றார்கள். மருத்துவர்கள் மேல் கோப்புகளை வீசியடிப்பார் என்று பேர்போன மொரீஷியஸ்காரர், தன்னைப் பார்த்த ஒவ்வொரு மருத்துவருக்கும் பூங்கொத்து அனுப்பினாராம்.

ஒருநாள் சுகாதாரத் துறையிலிருந்து இரண்டு அதிகாரிகள் வீட்டுக்கு வந்தார்கள். சொல்வழியில் நெய்த மருந்து அந்த நோயாளிக்கே சொந்தம், அவர் சம்மதம் இல்லாமல் வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்பது சட்டம். இதைக் குடித்தவர்கள் எல்லாம் கனிவாக ஆகிவிடுவதால் வேறு காரியத்துக்கும் உதவும் போலிருக்கிறது, சம்மதிப்பீர்களா என்று கேட்டார்கள். வெயிலில் வந்த களைப்பு அவர்கள் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. அன்றைய துளி இவள் உடம்பில் ஓடிக்கொண்டிருந்தது. மாட்டேன் என்று எப்படிச் சொல்வாள்? "அதுக்கென்னங்க, தாராளமா எடுத்துக்கோங்க" என்று மோரும் கொடுத்து அனுப்பினாள்.

திருமூர்த்தி மட்டும் கோகிலவாணியின் கைகளைக் கவனித்துக்கொண்டே இருந்தார். இடது கையிலிருந்து தம்ளர் நழுவியது. ரவிக்கை ஊக்கைப் போட முடியவில்லை. கேட்டால் ஒண்ணுமில்லீங்க என்று சிரித்தாள். அவர் ரஷீதாவிடம் போய்ச் சொன்னார். ரஷீதா திடுக்கிட்டுப்போய், நாளைக் காலை வீட்டுக்கே வருகிறேன் என்றார்.

வந்தார். ஆனால் வந்த ரஷீதா வேறு ஆளாக இருந்தார். வாசலிலேயே நின்று கோகிலவாணியைப் பார்த்தார். பார்க்கப் பார்க்கக் கண் நிறைந்தது. உள்ளே வந்து அவளுடைய இரண்டு கைகளையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். இடது கை துணிபோலக் கிடந்தது. விரலால் அழுத்திப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், முகத்தைப் பார்த்தார், நிறுத்திக்கொண்டார்.

"எல்லாம் நல்லாப் போகுது, கோகிலா."

"ஆமாங்க டாக்டரம்மா. ரொம்பத் தேவலைங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக் கண்ணீரோடு சிரித்தார்கள். அந்த அன்பைப் பார்த்தால் எவருக்கும் மனம் உருகிப்போகும். துளியைக் குடிக்காத ஒரே ஆளான திருமூர்த்திக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏனுங்க டாக்டரம்மா, நீங்களுமா?" என்றார். "நேத்து இவளுக்குத் தலையப் பின்ன முடியலைங்க, நான் பின்னி உட்டேன். நல்லா இருக்குது நல்லா இருக்குதுன்னு ரெண்டு பேரும் மாத்தி மாத்திச் சொல்லிக்கிட்டா கை வந்துருமுங்களா?"

ரஷீதா தலையைக் குனிந்துகொண்டார். காலையில் அந்தத் துளியைத் தானும் குடித்ததாகச் சொன்னார். கை செத்துக்கொண்டிருக்க வாய் எப்படித் தேவலை என்கிறது என்று புரியவில்லை, அதனால் குடித்துப் பார்த்தாராம். நெசவகத்திலிருந்து இங்கே வருவதற்குள் எதிரே வந்த ஒவ்வொரு முகமும் தன் சொந்த முகம்போல இருந்ததாம். "வலியைக் குறைக்கிற மருந்தை அது தேடவே இல்ல, திருமூர்த்தி. தேவலைங்கிற சொல்லை வரவைக்கிற மருந்தைத் தேடியிருக்கு. அடுத்தவங்களை நோகடிக்க முடியாத ஒரு மனசை நெய்து வச்சிருக்கு. இப்படி ஒண்ணை உண்டாக்க முடியும்னு உலகத்துல யாருமே நினைச்சதில்ல" என்றபோது அவர் குரலில் பயமும் பக்தியும் கலந்திருந்தன. பிறகு கோகிலவாணியைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நாளையிலேர்ந்து இவங்களைத் துளி எடுக்க விடாதீங்க. நானே வந்து கெஞ்சினாலும் விடாதீங்க."

துளி உடம்பைவிட்டு இறங்கியபோது கோகிலவாணிக்கு ஒளியெல்லாம் அணைந்தாற்போல் இருந்தது. நடத்துநர் வெறும் நடத்துநராகிப் போனார். வலி மட்டும் தன் பழைய குரலில் கத்தியது; இடது கையில் அதுவும் இல்லை. ரஷீதா எதிரே வந்து உட்கார்ந்தார்.

"முதல் நாள் தேவலைன்னு சொன்னேனுங்களே," என்றாள், "அது பொய்யிங்க. அன்னிக்குத் துளி ஒண்ணும் செய்யலைங்க. உங்க முகம் வாடறதப் பாக்க முடியலை, அதனால சொல்லிட்டேன்."

என் முகத்தைப் பார்த்து மருந்து நெய்திருக்கிறோம் என்று ரஷீதா முணுமுணுத்தார். அன்றே யாழ்ப்பாணத்துக்கும் மொரீஷியஸுக்கும் மற்றவர்களுக்கும் துளியை நிறுத்தச் சொல்லிச் சேதி அனுப்பினார். இடது கை இன்னும் பிழைக்கலாம் என்ற நம்பிக்கையில் நெசவியை முதலிலிருந்து ஓட விட்டார். இனி என் முகம் எப்படிப் போனால் உனக்கென்ன, வாயைத் திறந்து உள்ளதைச் சொல் என்று ஒரு வசவும் விட்டார். அந்த வசவுக்குப் பிறகு ரஷீதாவின் பேச்சில் 'நீங்க' போய்விட்டது.

ஆனால் கொடுத்த சம்மதம் கொடுத்ததுதான். மருத்துவர்களுக்கு இரக்கமே இல்லை என்று வருஷக்கணக்காகப் புகார் கேட்டுச் சலித்திருந்த அரசாங்கம், அந்தத் துளிக்குக் 'கனிவுத்துளி' என்று பெயர் வைத்து, மாநிலத்தின் எல்லா மருத்துவர்களும் தினமும் காலையில் குடிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. ரஷீதா பதறியடித்து மேலிடத்துக்கு எழுதினார். மேலிடத்தில் இருந்தவர்களும் மருத்துவர்கள்தானே, அவர்களும் குடித்திருந்தார்கள். உங்கள் கவலையை எங்கள் கவலையாகவே உணர்கிறோம் என்று அத்தனை அன்பாகப் பதில் வந்தது. வேறொன்றும் நடக்கவில்லை. ரஷீதா தனக்கு ஒவ்வாமை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார்.

அண்ணன் மகள் கல்யாணத்துக்காக ரஷீதா நாகப்பட்டினம் போன வாரம், அவருக்குப் பதிலாக டாக்டர் இளம்பரிதி உட்கார்ந்திருந்தார். சின்ன வயசு. கோகிலவாணி உள்ளே நுழைந்ததுமே எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். இந்த நோயோடு எத்தனை சிரமப்பட்டிருப்பீர்கள் என்று அவர் கேட்ட விதத்தில் துளியும் பாசாங்கு இல்லை. வாழ்நாளெல்லாம் இப்படி ஒரு மருத்துவருக்காகத்தான் அவள் தவம் கிடந்தாள். இடது கையைத் தூக்கிப் பார்த்தார். அது தொங்கியது. அவர் கண் கலங்கியது.

"ஒண்ணுமில்லைங்கம்மா," என்றார் குழைந்து. "நல்லா முன்னேறியிருக்கு. நீங்க கவலையே படாதீங்க."

கோகிலவாணிக்கு முதுகு சில்லிட்டது. அவர் கண்ணுக்குள் ஓடுவதெல்லாம் அவளுக்குத் தெரியும், அவளே குடித்ததுதானே. கை போய்விட்டது என்பது அவருக்குத் தெரிகிறது. சொன்னால் இவள் துடிப்பாள் என்பதும் தெரிகிறது. அந்தத் துடிப்பைத் தாங்க அவரால் முடியாது. இல்லீங்க, மோசமாத்தானுங்க இருக்குது என்று அவள் வற்புறுத்திச் சொன்னாள். அவர் இன்னும் அன்பாகச் சிரித்து, அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். முன்பு மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு ஒண்ணுமில்லை என்றவர்களிடமாவது சண்டை போட முடிந்தது. இவரிடம் என்ன செய்வது?

ரஷீதா ஊரிலிருந்து திரும்பிய அன்று காலையிலேயே அவள் போய் உட்கார்ந்துவிட்டாள். ரஷீதா கையை வாங்கி, தோளிலிருந்து நுனிவிரல் வரை அழுத்திப் பார்த்தார். அவர் முகம் கறுத்தது. கோகிலவாணி அந்த முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இடது கை இனி வராது, கோகிலா. நரம்பு செத்துப்போச்சு. நாம தேவலை தேவலைன்னு சொல்லிக்கிட்டு இருந்தப்பவே செத்துப்போச்சு."

அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்துகொண்டு வந்தது. கோகிலவாணி வாய்விட்டு, வெட்கமில்லாமல், கதவுக்கு வெளியே கேட்கும்படி அழுதாள். ரஷீதா சமாதானம் சொல்லவில்லை. அவருடைய கண்ணும் வழிந்தது, ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அழுது ஓய்ந்ததும் வலது கையைப் பற்றிக் கேட்டார், இது எப்படி இருக்கிறது என்று. வலிக்குதுங்க என்றாள். எங்கே, எப்படி, நேற்று எப்படி என்று அவர் துருவித் துருவிக் கேட்க, இவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இழைகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த மருந்து கிடைக்குமா, கிடைக்காமலே போய்விடுமா என்று இருவருக்கும் தெரியாது. தெரியாது என்பதையும் ரஷீதா சொன்னார்.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தபோது நடையில் கூட்டம் நின்றது. சேலம், கரூர், தேனி என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். ஊர் ஊராகக் கனிந்த மருத்துவர்களிடமெல்லாம் ஒண்ணுமில்லை என்று கேட்டுவிட்டு, கடுகடுப்பான டாக்டர் ஒருவர் இன்னும் கோபியில் இருக்கிறாராம் என்று விசாரித்துக்கொண்டு வந்தவர்கள். முன்னால் நின்ற ஒருத்தி கோகிலவாணியின் வீங்கிய கண்களையும் நனைந்த முந்தானையையும் மேலும் கீழும் பார்த்தாள். பிறகு அருகில் இருந்த கணவனின் பக்கம் திரும்பினாள். அவள் முகம் தெளிந்திருந்தது.

"நாம சரியான எடத்துக்குத்தான் வந்திருக்கோம்" என்றாள்.